கிட்னி போன 15 வயதுப் பூனைக்குக் கடைசி நாட்களில் என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? எப்போது வழியனுப்புவது?

பூனைக்கு வயது 15, பெர்சியன் கலப்பு, கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு) 5.8, எடை 3 கிலோவுக்கு இறங்கிவிட்டது, இரண்டு நாளாகத் தயிர்சாதத்தை மட்டும் நக்குகிறது, டாக்டர் 'ஊசி போட்டு அனுப்பிவிடலாம்' என்கிறார், வீட்டில் இன்னொரு சின்னப் பூனையும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் டாக்டர் இல்லை. கிட்னி போன பூனைகளை வீட்டில் வைத்துப் பல வருடம் பார்த்தவர்கள் என்ன செய்வார்களோ அதைச் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

முதலில் அந்த எண். கிரியேட்டினின் 5-ஐத் தாண்டினால் அது கிட்னி நோயின் நான்காம் நிலை, அதற்கு மேல் நிலை கிடையாது. கிட்னியில் முக்கால் பங்கு வேலை நின்ற பிறகுதான் இந்த எண்ணே ஏறத் தொடங்கும். அதனால் 'நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம்' என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிய பின் மறுபடி ரத்தம் பார்த்தார்களா? உடலில் நீர் வற்றியிருந்தாலும் எண் கூடும். ஏற்றிய பின் 5.8 என்பது 4-க்கு வந்தால் உங்களுக்குச் சில வாரமோ மாதமோ இருக்கிறது. அசையவே இல்லை என்றால் காலம் அதைவிடக் குறைவு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் முடிவெடுக்காதீர்கள். சென்னைப் பக்கம் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு டாக்டரையும் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது சாப்பாடு. கிட்னிக்கென்று விற்கும் பாக்கெட் தீவனம் நல்லதுதான், கிட்னிக்குச் சுமையாகும் பாஸ்பரஸ் அதில் குறைவு. ஆனால் குமட்டல் இருக்கும் நேரத்தில் அதைத் திணித்தால், 'இந்த வாசனை வந்தால் வயிறு புரட்டும்' என்று பூனை மனதில் பதித்துக்கொள்ளும், பிறகு ஜென்மத்துக்கும் தொடாது. இந்தக் கட்டத்தில் எது உள்ளே போகிறதோ அதுதான் சரியான சாப்பாடு. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலும் கெட ஆரம்பிக்கும். நாய் பட்டினி கிடப்பது போல இல்லை இது.

தயிர்சாதம் நக்கினால் நக்கட்டும், பிடுங்க வேண்டாம். ஆனால் அது பூனைக்குச் சாப்பாடு ஆகாது. பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து கறியிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணும் இதயமும் கெடும். இனிப்பு நாக்குக்குத் தெரியவே தெரியாது. பாலை ஜீரணிக்கும் சக்தியும் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குக் குறைவு, வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் இருக்கிற கொஞ்ச நீரும் போய்விடும்.

கறிக்கடையில் நெஞ்சுக்கறி கேட்காதீர்கள், தொடைக்கறி கேளுங்கள். எலும்பை எடுத்துவிடச் சொல்லுங்கள், தோல் இருக்கட்டும். கொழுப்பு இருந்தால்தான் வாசனை, கொஞ்சம் தின்றாலும் சக்தி சேரும். 100 கிராம் கறிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 150 மில்லி. உப்பு, மஞ்சள், மிளகு எதுவும் வேண்டாம். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். மூடி போட்டுச் சிறு தீயில் 15 நிமிடம். இறக்குவதற்கு 3 நிமிடம் முன்னால் சுண்டைக்காய் அளவு கோழி ஈரல் ஒரு துண்டு, 5 கிராம் போதும். ஈரலைப் பூனை ஆசை ஆசையாகத் தின்னும், அதற்காகத் தினமும் நிறையப் போட்டால் வைட்டமின் ஏ தேங்கிவிடும். கறியைக் கையால் பிய்த்து, அதே தண்ணீரை விட்டு, கரண்டியால் மசியுங்கள். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள், டாரினில் ஒரு பங்கு அதில்தான் இறங்கியிருக்கும். அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைத் துருவிச் சேர்க்கலாம், பாஸ்பரஸ் ஏறாமல் புரதம் கிடைக்கும். 3 கிலோ பூனைக்கு நாளைக்கு 150 முதல் 180 கலோரி வேண்டும், இந்த 100 கிராம் கறியே அதற்குப் போதும். ஒரே தடவையில் வைத்தால் அத்தனையும் வீண். ஆறு பங்காக்கி, ஒரு தடவைக்கு ஒரு பங்கு. சுண்ணாம்புச் சத்து இதில் இல்லை, அதனால் மாதக்கணக்கில் ஓட்ட முடியாது. சில வாரங்களுக்கு ஒன்றும் ஆகாது.

சூடு முக்கியம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த கறிக்கு வாசனை கிடையாது, வாசனை இல்லாததைப் பூனை சாப்பாடாகவே மதிக்காது. கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, பூனையின் உடம்புச் சூடு அளவுக்கு, 38 டிகிரியில் இருக்க வேண்டும். தட்டைத் தரையில் வைக்காமல் மூன்று நான்கு அங்குலம் உயர்த்தி வையுங்கள், வயதான மூட்டுக்குக் குனிவது வலி. மீன் பிடிக்கும் என்றால் சங்கரா, வஞ்சிரம் எதுவானாலும் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் சில மீன்களில் உள்ள ஒரு பொருள் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். எதற்குமே வராத பூனைக்கு ஒரு வழி உண்டு. நெத்திலிக் கருவாடு இரண்டை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, உப்புத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை அலசி, ஒன்றை மட்டும் விரலால் நசுக்கிக் கறியின் மேல் தடவுங்கள். வாசனைக்கு மட்டும்தான் அது. கை நிறைய அள்ளிப் போட்டால் உப்பும் பாஸ்பரஸும் சேர்ந்து மறுநாளே படுக்க வைத்துவிடும்.

அது தட்டுக்குப் பக்கத்தில் வந்து என்ன செய்கிறது என்று குனிந்து பாருங்கள். வருகிறது, மோந்து பார்க்கிறது, உதட்டை நக்குகிறது, எச்சில் விழுங்குகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அப்படியென்றால் பசி இருக்கிறது, குமட்டல் தடுக்கிறது. நீங்கள் பத்து வகை சமைத்து வைத்தாலும் பயனில்லை, வாந்திக்கான மருந்து வேண்டும். மாரோபிடன்ட் அல்லது ஒண்டான்செட்ரான் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். தட்டுக்கு வந்து வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டு முனகினால் வாய்ப்புண், உதட்டைத் தூக்கிப் பாருங்கள். தட்டுக்கே வரவில்லை, தலை நிமிராமல் கழுத்து தொங்குகிறது என்றால் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம். பசி தூண்ட மிர்டாசபின் எழுதிக் கொடுப்பார்கள். மனிதர்களுக்கான 15 மில்லிகிராம் மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு, கிட்னி போன பூனைக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை என்பது வழக்கம். கூடிவிட்டால் ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு நடக்கும், உடம்பு நடுங்கும். அதனால் மாத்திரையை உடைப்பதில் கண்ணளவு வேண்டாம், மெடிக்கலிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். சிரிஞ்சில் கூழ் கரைத்து வாயில் பீய்ச்சுவதை நான் சொல்ல மாட்டேன். புரையேறும், அதோடு உங்களைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளியும். கடைசி நாட்களில் அதைவிடக் கொடுமை வேறில்லை.

சலைன் வீட்டிலேயே ஏற்றலாம், டாக்டரிடம் ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும். ரிங்கர் லாக்டேட் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். தோள்களுக்கு நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அந்தக் கூடாரத்துக்குள் ஊசி. இந்த எடைக்கு 75 முதல் 100 மில்லி. முதுகில் ஒரு மேடு வரும், மெல்லச் சரிந்து முன்காலுக்கு இறங்கும், அரை நாளில் வற்றும். பயப்பட வேண்டாம். நேற்றைய மேடு வற்றவில்லை என்றால் இன்று ஏற்றக் கூடாது. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். குளுக்கோஸ் கலந்த சலைனைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது, புண்ணாகும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'உடம்பு சுடுது, அரை பாராசிட்டமால் கொடுங்க' என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள், இங்கே கீழே வந்தும் யாராவது எழுதுவார்கள். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் திறன் கிடையாது. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறி, மூச்சு முட்டிப் போகும். இத்தனை வருடம் மடியில் வளர்ந்த உயிருக்கு அந்தச் சாவு வேண்டாம்.

கேட்காததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெர்சியன் என்று நீங்கள் எழுதியதால் வரும் ஆத்திரம் இது. பெர்சியன் பூனைகளில் கிட்னி முழுக்க நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் உண்டு. எந்த மரபணு என்று 2004-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தாலே சோதனை ஆகிவிடும். தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தால் குட்டிகளில் பாதிக்கு வரும். அதைப் பார்க்காமல் ஜோடி சேர்த்து, முகம் சப்பையாக இருந்தால் கூடுதல் விலை வைத்து, நம் ஊர் வெயிலில் கூண்டில் அடுக்கி விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. அடுத்த பூனை வளர்ப்பதாக இருந்தால் தெருவில் கிடக்கும் குட்டியைத் தூக்கி வாருங்கள்.

இனி எப்போது அனுப்புவது. 'இன்னும் சாப்பிடுகிறதே' என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பூனை தொண்டைக்குள் 'கர்ர்ர்' என்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள், வலியிலும் அது அப்படிச் செய்யும். முகத்தைப் பாருங்கள். கனடாவில் மாண்ட்ரீல் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. காது இரண்டும் விலகிப் பக்கவாட்டில் திரும்புகிறதா, கண் பாதி இறுகுகிறதா, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகிச் சப்பையாகிறதா, மீசை நேராக விறைக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 4 வந்தாலே வலி மருந்து தேவை. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை என்றால் 'எப்போது' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. இன்னொன்று, அதற்குப் பிடித்த மூன்றை ஒரு தாளில் எழுதுங்கள். மீன்காரர் குரல் கேட்டால் வாசலுக்கு ஓடுவது, காயவைத்து எடுத்த துணிக் குவியலில் சுருண்டுகொள்வது, காலையில் உங்கள் முகத்தை நக்கி எழுப்புவது, இப்படி எதுவோ. மூன்றில் இரண்டு நின்றுவிட்டால், மண் டப்பாவுக்குப் போக முடியாமல் படுத்த இடத்திலேயே ஈரமாகிக் கிடந்தால், தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டால், நாள் குறியுங்கள். ஒரு வாரம் தள்ளினால் உங்களுக்குத்தான் ஆறுதல், அதற்கு அந்த ஒரு வாரமும் மூச்சுத் திணறலும் வலிப்பும்தான்.

'மனுஷனுக்கே சோறில்லாத நாட்டில் பூனைக்கு இவ்வளவா' என்பவர்களும், 'கொல்ல நமக்கு என்ன உரிமை, தானாகப் போகட்டும்' என்பவர்களும் வருவார்கள். கிட்னி போன பூனை தூக்கத்தில் தானாகப் போவது அபூர்வம். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு கேள்வி கேளுங்கள்: முதலில் மயக்க ஊசி போடுவீர்களா? தோலிலோ தசையிலோ மயக்க ஊசி, 10-15 நிமிடத்தில் ஆழ்ந்த மயக்கம், அதற்குப் பிறகுதான் இரண்டாவது ஊசி, பெரும்பாலும் தயோபென்டோன் என்ற மயக்க மருந்து அதிக அளவில். இதுதான் முறை. மயக்காமல் மக்னீசியம் சல்பேட்டை நேராக ஏற்றுவதும், விழித்திருக்கும்போதே இதயத்தில் குத்துவதும் கூடவே கூடாது. யாராவது அப்படிச் செய்ய வந்தால் பூனையை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். நீர் வற்றிய பூனைக்குக் கால் நரம்பு கிடைக்காமல் போகலாம், அப்போது வயிற்றிலோ கிட்னியிலோ போடுவார்கள். மயக்கத்தில் இருப்பதால் அதற்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் டாக்டர் கிடைத்தால் அதுவே நல்லது, கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோகும் பயம் மிச்சம்.

அன்றைக்கு ஆசைப்பட்டதைக் கொடுங்கள். கிட்னிக் கணக்கெல்லாம் அன்று கிடையாது. வெண்ணெய் தடவிய மீனோ, ஈரலோ, அது விரும்பிய அந்தத் தயிர்சாதமோ. ஆனால் நான்கு மணி நேரம் முன்னால், இரண்டு கரண்டிதான். மயக்கத்துக்குப் போடும் ஜைலசின் பூனையை வாந்தியெடுக்க வைக்கும், வயிறு நிரம்பியிருந்தால் அந்தக் கடைசிப் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். மடியில் தடித்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், சிறுநீர் வந்துவிடும். கண் மூடாது. இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுக்கலாம், தோல் துடிக்கலாம். உயிர் இருக்கிறதோ என்று பதறாதீர்கள், டாக்டரை ஸ்டெதஸ்கோப் வைத்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் உடம்பு விறைக்கத் தொடங்கும், அதற்குள் தூங்குவது போலச் சுருட்டிப் படுக்க வைத்துவிடுங்கள்.

புதைப்பதென்றால் 3 அடிக்குக் குறையாத குழி, தெருநாய் உள்ள இடமென்றால் 4 அடி, கிணறு, போர்வெல்லுக்குத் தள்ளி. பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் மட்காது. மேலே கனமான கல் வையுங்கள். அந்த உடம்பில் மயக்க மருந்து இருக்கிறது, நாயோ காக்கையோ தோண்டித் தின்றால் அதுவும் சாகலாம். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும் இடமென்றால், விலங்குகளுக்குத் தகன வசதி எங்கே இருக்கிறது என்று டாக்டரையே விசாரித்து வையுங்கள். பிள்ளைகளிடம் 'ஊசி போட்டுத் தூங்க வைத்தாச்சு' என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படும். செத்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

உங்கள் சின்னப் பூனை அந்த உடம்பை மோந்து பார்க்கட்டும், விரட்ட வேண்டாம். சில பூனைகள் மோந்துவிட்டுப் போய்விடும், சில பக்கத்திலேயே உட்காரும். பெரியது படுத்த துணியை உடனே துவைக்காதீர்கள், ஒரு வாரம் அங்கேயே கிடக்கட்டும். அறை அறையாகத் தேடிக் கத்தும், அதுவும் சில நாளில் அடங்கும். பழைய நேரத்துக்கே தட்டு வையுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால் அதற்கும் ஒரு மேசைக்கரண்டி தொடைக்கறி, வெதுவெதுப்பாக.