மூலிகை வேதியியல்: கேள்வி பதில்

சாறு எடுப்பது, பிரிப்பது, சோதிப்பது பற்றிக் கேளுங்கள். எந்த மூலிகை எந்த நோய்க்கு நல்லது என்பதற்கு நான் ஆள் இல்லை.

தேன்மொழி (எம்.எஸ்சி. தாவரவியல்): நிலவேம்பிலிருந்து ஆண்ட்ரோகிராஃபோலைடு (அதன் கசப்புக் கூறு) எடுக்க சாக்ஸ்லெட் (கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பத் தூளில் விடும் கருவி) நல்லதா, ஊறவைப்பதா மேடம்?

ஊறவையுங்கள். பூ எடுப்பதற்குச் சற்று முன் அறுத்த செடியின் இலைதான் வேண்டும்; தண்டில் அளவு குறைவு. நிழலில் உலர்த்தி, கொரகொரப்பாக அரையுங்கள். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். 50 கிராம் தூளுக்கு 500 மில்லி மெத்தனால், 24 மணி நேரம். வடித்துவிட்டு அதே தூளில் புது மெத்தனால், இப்படி மூன்று முறை. மூன்றையும் சேர்த்து ரோட்டரி எவாபரேட்டரில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 முதல் 45 டிகிரிக்குள் வற்றவையுங்கள். சாக்ஸ்லெட்டில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் குடுவையில் சேரும் சாறு மணிக்கணக்கில் கொதிக்கிறது. இந்த மூலக்கூறில் ஒரு லாக்டோன் வளையம் இருக்கிறது. நீண்ட சூடும் காரமும் அதற்கு ஆகாது.

பச்சையம் தொல்லை கொடுத்தால் செயலூட்டிய கரியைக் கொஞ்சமாகப் போட்டு வடியுங்கள். அதிகம் போட்டால் உங்களுக்கு வேண்டியதையும் கரி விழுங்கிவிடும். டிஎல்சிக்கு (தகட்டில் கூறுகளைப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை) சிலிக்கா தகடு, குளோரோஃபார்ம்–மெத்தனால் 9:1 என்று தொடங்குங்கள். பக்கத்திலேயே தூய மாதிரி ஒன்றை ஓட்டாமல் புள்ளியைக் காட்டிப் பெயர் சொல்லக்கூடாது. ஹெச்பிஎல்சியில் (திரவ ஓட்டத்தில் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) 225 நானோமீட்டரை ஒட்டி அளவிடுங்கள். 254இல் வைத்துக்கொண்டு சிகரம் வரவில்லை என்று தேடுபவர்கள் ஏராளம். இடையில் எத்தில் அசிடேட்டால் பிரித்திருந்து, அது சாற்றில் மிச்சம் இருந்தால் அதுவும் 225இல் சிகரம் காட்டும். அதனால் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள்.

சுரேஷ்: என் இலைச் சாற்றை ஜிசி-எம்எஸ்ஸுக்குக் (ஆவியாக்கிப் பிரித்து, நிறையை வைத்துக் கூறுகளை அடையாளம் காணும் கருவி) கொடுத்தேன். பெரிய சிகரம் பிஸ்(2-எத்தில்ஹெக்சில்) தாலேட் என்று வந்திருக்கிறது. புற்றுநோய் எதிர்ப்புக் கூறு என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அது பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள். உங்கள் பாட்டில், குழாய், மூடி, மலிவு விலைக் கரைப்பான் எதிலிருந்தும் வந்திருக்கும். நிறைநிரலில் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறை வரைபடம்) 149 ஓங்கி நின்றால் முதலில் தாலேட்டைச் சந்தேகியுங்கள். 73, 207, 281 என்று வந்தால் அது சிலோக்சேன். கருவியின் குழலோ செப்டமோ உதிர்ப்பது. செடியே போடாமல் கரைப்பானை மட்டும் அதே பாத்திரங்களில் அதே மூன்று நாள் வைத்து, வற்றவைத்து, வெற்று மாதிரியாக ஓட்டுங்கள். அதிலும் வருவதைப் பட்டியலிலிருந்து அடியுங்கள்.

இன்னொன்று. ஜிசி ஆவியாகிற சரக்கைத்தான் பார்க்கும். கிளைக்கோசைடு, டானின் எல்லாம் அதில் ஏறவே ஏறாது. பிறகு மிஞ்சுவது பைட்டால், பால்மிடிக் அமிலம், ஸ்குவாலீன். எந்தப் பச்சை இலையைக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வரும்.

நித்யா: டிபிபிஹெச் (ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனை) செய்முறை வேண்டும்.

100 மில்லி மெத்தனாலில் 4 மில்லிகிராம், ஏறக்குறைய 0.1 மில்லிமோலார். இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீட்டர், ஒப்பீட்டுக்கு அஸ்கார்பிக் அமிலம். சாற்றுக்கே நிறம் உண்டு, டிபிபிஹெச் இல்லாத சாற்றையும் அளந்து கழியுங்கள். இதை வைத்து உடம்புக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

பிரபு (பிஹெச்.டி.): மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு எம்டிடி சோதனை (உயிருள்ள செல் ஒரு சாயத்தை ஊதாவாக்குவதை அளப்பது) செய்கிறேன். ஐசி50 (செல்களைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது.

வரத்தான் செய்யும். சீரம் இல்லாத, பிஹெச் 7.2 தாங்கல் கரைசலில் 37 டிகிரியில் அரை மணிக்குள் குர்குமினில் சுமார் 90 விழுக்காடு சிதைந்துவிடும். 10 விழுக்காடு சீரம் இருந்தால் 8 மணி நேரத்துக்குப் பிறகும் பாதி நிற்கும். ஆகவே முதலில் சீரத்தின் அளவை மாற்றாமல் வையுங்கள். குர்குமினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த கரைசலை அன்றன்று தயாரியுங்கள், வெளிச்சம் படாமல். குழியில் டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். அதே அளவு கட்டுப்பாட்டுக் குழியிலும் இருக்கட்டும்.

அடுத்து, செல் இல்லாத குழிகளில் குர்குமினையும் எம்டிடியையும் மட்டும் போட்டுப் பாருங்கள். ஒடுக்கும் தன்மையுள்ள சேர்மம் செல் இல்லாமலே ஊதா நிறத்தை உண்டாக்கும். செத்த செல் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வரும். எம்டிடி ஊற்றும் முன் பழைய ஊடகத்தை எடுத்துவிட்டுக் கழுவுவது பாதித் தொல்லையைத் தீர்க்கும். குர்குமின் தானே ஒளிரும் என்பதால், பச்சையில் ஒளிரும் சாயங்களோடு சேர்த்தாலும் இதே வம்புதான்.

மஞ்சள்காட்டான்: ஆயிரக்கணக்கான கட்டுரை வந்த பொருளை இப்படி மட்டம் தட்டலாமா?

கட்டுரை எண்ணிக்கைதான் பிரச்சினையே. புரதத்தோடு ஒட்டும், திரளும், உலோகத்தைப் பிடிக்கும், ஒளிரும், சிதையும். எந்தச் சோதனையில் போட்டாலும் 'வேலை செய்கிறது' என்று காட்டும் சரக்கு அது. 2017இல் மருந்து வேதியியலாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, இரட்டை மறைப்பும் போலி மருந்து ஒப்பீடும் கொண்ட சோதனை எதிலும் குர்குமின் வென்றதாக அவர்களுக்குத் தெரியவில்லை.

மஞ்சள்காட்டான்: மிளகு சேர்த்தால் 2000 விழுக்காடு அதிகம் உறிஞ்சப்படும் என்று பெங்களூரிலேயே நிரூபித்தார்களே, 1998இல்?

ஆமாம். 2 கிராம் குர்குமின், 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகின் காரக் கூறு). ஆனால் பைப்பரின் இல்லாதபோது இரத்தத்தில் இருந்தது கண்டுபிடிக்க முடியாத அளவு அல்லது மிகச் சொற்பம். சொற்பத்தை 20 மடங்கு பெருக்கினாலும் சொற்பம்தான். தவிர, பைப்பரின் ஆள் பார்த்து வேலை செய்யாது. ஃபெனிடோயின், புரோப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றும். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் பைப்பரின் கேப்சூலை விளையாட்டாக எடுக்கக்கூடாது.

மஞ்சள்காட்டான்: பயன் இல்லாததற்கா அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள்?

1995இல் கொடுத்தார்கள், மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு. இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய ஏடுகளைக் காட்டி எதிர்த்தது, 1997இல் ரத்தானது. புதிதல்ல என்பதால் ரத்து. பயன் உண்டா இல்லையா என்ற வழக்கே அங்கே நடக்கவில்லை.

கயல்: அப்படியானால் செடியிலிருந்து மருந்தே வராதா மேடம்?

யார் சொன்னது? நம் பக்கம் சுடுகாட்டிலும் வரப்பிலும் பூக்கும் நித்யகல்யாணியை எடுங்கள். சர்க்கரை நோய்க்கு நாட்டு வைத்தியத்தில் கொடுத்த செடி. கனடாவில் நோபிள், பீர் இருவரும் அதை ஆராய்ந்தபோது சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. 1958இல் வின்பிளாஸ்டின் பிரிக்கப்பட்டது. வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி; குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் அது இல்லாமல் ஆகாது. ஒரு டன் உலர்ந்த இலையில் சில கிராம்தான் தேறும். அதனால் இலையில் கூடுதலாக இருக்கும் விண்டோலினையும் கதரன்தினையும் எடுத்து ஆய்வகத்தில் இணைக்கும் வழி வந்தது. 2022இல் அவ்விரண்டையும் ஈஸ்ட்டிலேயே உண்டாக்கிக் காட்டினார்கள்.

குர்குமினுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிகிறதா? வின்கிரிஸ்டின் டியூபுலின் என்ற ஒரே புரதத்தைப் பிடிக்கிறது, எங்கே பிடிக்கிறது என்பதும் தெரியும், மருந்தளவு மில்லிகிராமில் இருக்கிறது. இலையைக் கொதிக்கவைத்துக் குடித்து இது நடக்காது. குடிக்காதீர்கள்.

ராமலிங்கம்: வீட்டுத் தோட்டத்தில் செங்காந்தள் கிழங்கு இருக்கிறது. மூட்டு வலிக்கு எவ்வளவு அம்மா?

எவ்வளவும் வேண்டாம். கொல்கிசின் உள்ள கிழங்கு. மருந்தளவுக்கும் சாவளவுக்கும் இடைவெளி சிறியது, முறிவு மருந்து கையில் இல்லை. ஏற்கெனவே தின்றிருந்தால் இதைப் படிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆடுதீண்டாப்பாளையும் அப்படித்தான்: அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றும் வரவழைக்கும்.

அருண்: சாக்ஸ்லெட்டா, ஊறவைப்பதா?

முதல் பதில்.

வித்யா: ஜிசி-எம்எஸ்ஸில் டைபியூட்டைல் தாலேட்...

பிளாஸ்டிக். இரண்டாவது பதில். வெற்று மாதிரி ஓட்டினீர்களா?

ஜெனிஃபர்: டாக்கிங்கில் (கணினியில் மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்ப்பது) மைனஸ் 9.2 வந்தது. இதுவே போதுமா?

போதாது. பெரிய மூலக்கூறு எதைப் போட்டாலும் எண் நன்றாகத்தான் வரும். புரதப் படிகத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த மூலக்கூறை (லிகண்டை) எடுத்து மறுபடி பொருத்துங்கள். 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் அதே இடத்தில் உட்காரவில்லை என்றால் மற்றதைப் பேசவே வேண்டாம்.

முகிலன்: சாற்றுக்குக் காப்புரிமை எடுக்க ஆசை.

இந்தியச் செடி என்றால் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் பாருங்கள், 2002 சட்டத்தின் 6ஆம் பிரிவு. செடியின் உலர் மாதிரியை ஒரு ஹெர்பேரியத்தில் (உலர் தாவரக் காப்பகம்) கொடுத்து எண் வாங்கினீர்களா? அது இல்லாமல் எந்தச் செடி என்றே நிலைநாட்ட முடியாது. கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது, திருச்சியில் ராபினட் ஹெர்பேரியம். பூவோடு கொண்டுபோங்கள், வெறும் இலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வித்யா: வெற்று மாதிரி ஓட்டவில்லை மேடம். சாற்றை எதில் வைக்க?

கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் உள்ளுறை போட்ட மூடி, மைனஸ் 20. குப்பி வாயில் பாராஃபிலிம் (மெழுகுப் படலம்) சுற்றாதீர்கள், கரைப்பான் ஆவி பட்டால் அதுவும் கரைந்து சாற்றில் இறங்கும்.