எஸ்டிஹெச் பாதை மாறியதும் லைன் டிஃபரன்ஷியலில் 30% மின்னோட்டம்: சிடியில் கோளாறா?

வணக்கம். எஸ்டிஹெச் (ஃபைபர் தகவல்தொடர்பு வளையம்) பாதை மாறியதும், லைனின் இரு முனை மின்னோட்டங்களை ஒப்பிடும் டிஃபரன்ஷியல் ரிலேயில் 30% வித்தியாசம் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சிடியை (மின்னோட்டத்தை அளந்து ரிலேக்குத் தரும் மின்மாற்றி) கழற்ற வேண்டாம், எனக்குச் சந்தேகம் இரு முனை ரிலேக்களும் பேசிக்கொள்ளும் சேனல் மேல்தான். எதிரொலி முறையில் ஓடும் ரிலே, போய்வரும் நேரத்தை அளந்து அதில் பாதியை ஒருவழித் தாமதமாக எடுத்துக்கொள்ளும். வளையத்தில் போகும் பாதை மட்டும் மாறி, வரும் பாதை பழையபடி இருந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும். இரண்டுக்கும் 2 மில்லிசெகண்ட் வித்தியாசம் என்றால் பிழை 1 மில்லிசெகண்ட். 50 ஹெர்ட்ஸில் அது 18 பாகை. சுமையில் சுமார் 31% பொய்யான வித்தியாச மின்னோட்டமாகத் தெரியும். நீங்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதுதானே?

தயவுசெய்து பிக்கப்பை (ரிலே செயல்படத் தொடங்கும் மின்னோட்ட அளவை) உயர்த்திச் சமாளிக்காதீர்கள். லைனுக்கு வெளியே ஃபால்ட் வந்தால் இந்தப் பொய்யும் அதே விகிதத்தில் பெருகும். இரு திசையும் சேர்ந்தே மாறும்படி தகவல்தொடர்புப் பிரிவிடம் அமைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால், ரிலே ஏற்குமானால், இரு முனையிலும் ஜிபிஎஸ் கடிகாரம். அப்புறம், ஜிபிஎஸ் சிக்னல் போனால் ரிலே என்ன செய்யும் என்பதையும் செட்டிங்கில் பாருங்கள்.