முளைகட்டிய கோதுமை ரொட்டி: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

முளைகட்டிய கோதுமையில் ரொட்டி செய்ய மூன்று முறை முயன்றுவிட்டேன். பாசிப்பயறுக்குச் செய்வதுபோல் ஊறவைத்து, துணியில் கட்டி, இரண்டு நாள் கழித்து அரைத்து, ஈஸ்ட் சேர்த்துச் சுட்டேன். மேலே நன்றாகச் சிவந்து வருகிறது. உள்ளே களி மாதிரி இருக்கிறது, கத்தியில் ஒட்டுகிறது. இன்னும் அரை மணி நேரம் ஓவனில் வைத்தும் மாறவில்லை. எங்கே தவறு? இன்னொன்று: முளைகட்டினால் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் போய்விடும் என்கிறார்கள். என் அண்ணன் மகளுக்குச் சீலியாக் நோய், குளூட்டன் ஆகாது. அவளுக்கு இதைக் கொடுக்கலாமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்காதீர்கள், ஒரு துண்டுகூட வேண்டாம். முளைவிடும்போது குளூட்டனில் ஒரு பங்கு சிதைவது உண்மைதான். ஆனால் மிச்சமிருப்பதே அந்தப் பிள்ளையின் சிறுகுடலைப் புண்ணாக்கப் போதும். கோதுமை ரொட்டி உப்பி நிற்பதே அந்த மிச்சத்தின் வலுவில்தான். இப்படிச் சொல்லித் திரிபவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. அவளுக்குக் கேழ்வரகில் அடை சுட்டுக் கொடுங்கள். மாவைக் கோதுமை அரைக்கும் மில்லுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரொட்டி. உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. முளையை வளர விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். பயறுக்கு நீள முளை அழகு, ரொட்டிக்கு ஆகாது.

காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கேழ்வரகுக் கஞ்சியில் பாருங்கள். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கி, இன்னும் நல்ல சூடாக இருக்கும்போதே முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். சில நிமிடங்களில் கரண்டி சாய்ந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி நீர்த்து ஓடும். முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக்கொள்ள அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் வேலை இது. கைக்குழந்தைக்கு இது வரம். குழந்தை விழுங்கும் பதத்திலேயே கூடுதல் தானியத்தை ஊட்டிவிடலாம்.

ரொட்டிக்குள்ளும் இதுவே நடக்கிறது. ஓவனில் ரொட்டியின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்து தண்ணீரை இழுத்து வேகத் தொடங்குகிறது. அமைலேஸ் அடங்குவதோ 80 டிகிரியை ஒட்டித்தான். இந்த இடைவெளியில், வெந்த மாவையெல்லாம் அது உடைத்துப் போடுகிறது. உடைந்தது திரும்பக் கட்டாது. அதனால்தான் அரை மணி நேரம் கூடுதலாகச் சுட்டும் பலனில்லை.

அறுவடைக்கால மழையில் கதிரிலேயே முளைத்த கோதுமை மாவிலும் இதே தொல்லைதான். அதைக் கண்டுபிடிக்க மாவு ஆலைகளில் ஒரு சோதனை உண்டு. மாவைக் கரைத்துக் கொதிநீரில் வைத்து, அந்தக் கூழில் ஒரு கம்பி எத்தனை விநாடியில் அடிக்கு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். நல்ல கோதுமையில் 300 விநாடிக்கு மேலாகும். நன்றாக முளைத்துவிட்டதென்றால் 100 விநாடிகூட ஆகாது.

அரைக் கிலோ கோதுமையை இரவு ஊறவையுங்கள். மளிகைக் கடைக் கோதுமையே வாங்குங்கள். விதைக்கென்று விற்பதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும், தொடவே வேண்டாம். காலையில் வடித்து, சல்லடைத் தட்டில் பரப்பி, ஈரத்துணியால் மூடி, ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை அலசுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு அன்றிரவிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கரு இருக்கும் முனையில் தோல் கிழிந்து, ஊசி முனை அளவு வெள்ளை எட்டிப் பார்க்கும். அதுதான் பதம். ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. பெரும்பாலான மணிகளில் அது தெரிந்ததும், தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் ஒரு மணி நேரம் வையுங்கள். குளிர்ந்த மணி மிக்சியில் சூடேறாது.

கைப்பிடி கைப்பிடியாக, தண்ணீர் ஊற்றாமல், விட்டுவிட்டு அரையுங்கள். இழுத்தால் இழை வரவேண்டும். 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட் போட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். சர்க்கரை வேண்டாம், முளையின் இனிப்பே போதும். ஒன்றரை மடங்கு உப்பியதும் 180 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முந்தின நாளே புளிக்கவைத்த கோதுமை மாவு கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லது. புளிப்பு, அமைலேஸின் வேகத்தைக் குறைக்கும். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் ரை என்ற தானியத்தில் சுடும் ரொட்டிக்குப் புளித்த மாவு சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரவு சுட்டால் காலையில்தான் வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் நன்றாக வந்த ரொட்டியும் கத்தியில் ஒட்டும். வெள்ளை முனை எத்தனை மணி நேரத்தில் தெரிந்தது என்று மறக்காமல் குறித்துவைத்து எழுதுங்கள். ஊருக்கு ஊர் இந்தக் கணக்குதான் மாறுகிறது.

அன்புடன்,
அக்கா