அல்ட்ராலைட் எனப்படும் மிக இலேசான சிறு விமானங்களுக்குப் புறப்படும் நேரம் ஏன் இவ்வளவு ஆபத்தானது? விமானி என்ன செய்ய வேண்டும்?

விபத்து விசாரணை அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எஞ்சின் நின்றுபோவதால்தான் இவை விழுகின்றன என்ற எண்ணம் பாதிதான் உண்மை. எஞ்சின் நின்ற பிறகும், போதிய வேகத்தில் காற்று பாயும் வரை இறக்கைகள் விமானத்தைத் தாங்கவே செய்யும். அந்த வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ள விமானிக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது என்பதே சிக்கல்.

அமெரிக்காவில் 1982இல் வந்த பகுதி 103 என்ற விமானப் பறப்பு விதிகளின்படி, எஞ்சின் உள்ள அல்ட்ராலைட் ஒருவர் மட்டும் பறப்பதாகவும், 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குக் குறைந்த வெற்று எடை உடையதாகவும் இருக்க வேண்டும். இவ்வளவு இலேசான உடலில் குழாய்களும் கம்பிகளும் வெளியே தெரிய நிற்பதால், காற்றின் தடை அதிகம், உந்தமோ குறைவு. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால், சில நொடிகளில் வேகம் வடிந்து இறக்கை ஸ்டால் ஆகிவிடும், அதாவது விமானத்தைத் தாங்கும் விசையை இழந்துவிடும். அந்த உயரத்தில் ஸ்டாலிலிருந்து மீள இடம் இருக்காது. ஆகவே, வேகம் சேரும் வரை தாழ்ந்த கோணத்தில் ஏறுவதும், எஞ்சின் நின்ற கணமே தயங்காமல் மூக்கைத் தாழ்த்துவதும்தான் முதல் பாடம்.

ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை இரண்டாவது பொறி. உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை ஸ்டால் ஆகும் வேகம்) ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது. உயரத்தை விட்டுக்கொடுத்துத் திரும்பலாமென்றால், விட்டுக்கொடுக்க உயரம் இல்லை. நேர் எதிரே உள்ள வயலோ புதரோ மேலானது. அந்த இடத்தைப் புறப்படும் முன்பே பார்த்து வைத்துவிட வேண்டும்.

எஞ்சின் ஏன் நிற்கிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு, பல அல்ட்ராலைட்டுகளிலும் இருக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் குணம் தெரியும். ஆயில் குறைந்தாலோ, சூடேறும் முன் முழு விசை கொடுத்தாலோ பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். திடீரென நின்றுவிடக் கூடியவை என்று விமான எஞ்சின் தயாரிப்பாளரான ரோட்டாக்ஸ் நிறுவனமே தன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கையேடுகளில் எச்சரிக்கிறது.

ஆனால், எஞ்சினைப் பற்றியே பேசிப் பேசி, அதைவிடக் கொடிய ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து. வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனின் மகன் ஜான் வால்டன், 2005 ஜூன் 27 அன்று வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோல் விமான நிலையத்திலிருந்து தம் சிஜிஎஸ் ஹாக் வகை இலேசு விமானத்தில் புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து இறந்தார். வாலில் உள்ள அசையும் தட்டான எலிவேட்டரை இயக்கும் குழாயின் பின்புறப் பூட்டு வளையத்தை அவர் சரியாகத் திரும்பப் பொருத்தாததால், குழாய் பின்னோக்கி நகர்ந்து, கேபிள் தளர்ந்து, மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு கைவிட்டுப்போனது என்று விசாரணை முடிவு கூறியது. மூக்கைத் தாழ்த்து என்று மேலே நான் சொன்ன அறிவுரைகூட அங்கே பயன்பட்டிருக்காது.

எனவே, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான ஸ்டிக்கை அசைத்துப் பார்ப்பது மட்டும் போதாது; அதை இழுக்கும் திசைக்கு ஏற்ப எலிவேட்டரும், இறக்கையின் பின் விளிம்பில் உள்ள அசையும் தட்டான எய்லரானும் சரியாகத் திரும்புகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும், கேபிளின் இறுக்கத்தைக் கையால் தொட்டு அறிய வேண்டும். எதையேனும் கழற்றி மாட்டியிருந்தால், மாட்டியவர் அல்லாத இன்னொருவர் அதைப் பார்த்த பின்பே பறக்க வேண்டும். பகுதி 103 விமானத்துக்குப் பறப்புத் தகுதிச் சான்றோ விமானிக்கு உரிமமோ கட்டாயமில்லை என்பதால், அந்த இன்னொருவரை விமானியே தேடி அழைத்து வந்தாக வேண்டும்.