பாதுகாப்பு நிதியை வன்னிப் பொலிஸார் எதில் செலவிட வேண்டும்?

கேள்வி: அரசாங்கம் பாதுகாப்புக்கென ஒதுக்கும் பணத்தை உள்ளூர்ப் பொலிஸார் எதில் செலவிடுவது நல்லது? கமரா, கவச வாகனம் போன்றவை பயன் தருமா?

பதில்: முறைப்பாடு எழுதும் மேசையில் செலவிடட்டும். மற்றவை பிறகு. நான் இலங்கையின் வடக்கே வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிப்பவன், இந்தப் பக்கத்து நிலைமையை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில், ‘உள்ளூர்ப் பொலிஸ்’ என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தைத் தாளில் கொடுத்தது, கையில் கொடுக்கவில்லை. 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலமும் 2018 இல் முடிந்துவிட்டது. பணமும் கொழும்பிலிருந்து வருகிறது, எதை வாங்குவது என்ற முடிவும் அங்கிருந்தே வருகிறது. ஆகவே இந்தப் பதில் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அல்ல, அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு.

சென்ற சிறுபோகத்தில் எங்கள் வீதியில் ஓர் அக்காவின் தண்ணீர்ப் பம்பு களவு போனது. பொலிஸ் நிலையத்துக்கு நானும் துணைக்குப் போனேன். மேசையில் இருந்த உத்தியோகத்தர் தன்மையான மனிதர்தான், ஆனால் தமிழ் வராது. வாசலில் நின்ற முச்சக்கர வண்டிக்காரரைக் கூப்பிட்டார்கள். அக்கா சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் சொன்னார், உத்தியோகத்தர் புத்தகத்தில் எழுதினார். அக்காவுக்குச் சந்தேகம் இருந்தது இரண்டு பேர் மீது. அவர்களில் ஒருவன் அந்த வண்டிக்காரரின் மச்சான் முறை. அந்தப் பெயரைச் சொல்ல அக்கா வாய் திறக்கவேயில்லை. எழுதியதன் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்ததும், “தம்பி, நான் எதற்குக் கையெழுத்து வைத்தேன்?” என்று கேட்டார். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

பம்பு போனால் இன்னொன்று வாங்கலாம். கணவன் கசிப்பைக் குடித்துவிட்டு வந்து அடித்ததை ஒரு பெண் யாரோ ஓர் ஆணை இடையில் வைத்துச் சொல்வாளா? சிறுவர் பெண்கள் பிரிவில் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இரவிலும் இருக்க வேண்டும். இங்குள்ள பிள்ளைகளைச் சேர்ப்பதற்கும், தமிழ் படிக்கும் சிங்கள உத்தியோகத்தர்களுக்கு உருப்படியான கொடுப்பனவு வழங்குவதற்கும், எழுதிய வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதியைக் கையில் கொடுப்பதற்கும் பணம் போகட்டும்.

இதற்கும் தேசியப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் வவுணதீவை நினைத்துப் பார்க்கட்டும். 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்த பிறகுதான், அந்தக் கொலையைச் செய்ததும் குண்டு வைத்த அதே குழு என்பது வெளிவந்தது. குண்டுத் தாக்குதல் பற்றிய எச்சரிக்கையும் முன்கூட்டியே வந்திருந்தது. அதன் மீது உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் நட்டஈடு கட்டச் சொன்னது. இதில் எந்த இடத்தில் கவச வாகனம் இல்லாதது குறையாக இருந்தது? சரியாக விசாரிக்காததும் வந்த தகவலைக் கவனிக்காததும்தான் குறை.

கவச வாகனக் கதையை அமெரிக்காவில் பார்க்கலாம். 2001 தாக்குதலுக்குப் பிறகு மத்திய அரசு ஊர்ப் பொலிஸுக்கெல்லாம் பாதுகாப்பு மானியம் கொடுத்தது. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் கீன் என்று ஒரு நகரம், சுமார் 23,000 பேர் வசிப்பது. அந்த நகரப் பொலிஸார் கவச வாகனம் கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், காக்க வேண்டிய இடங்களுள் ஒன்றாகத் தங்கள் பூசணித் திருவிழாவையும் குறிப்பிட்டிருந்தார்கள். கிடைத்தது! பணம் கிடைக்கிறது என்றால் ஆபத்தைத் தேடிப் பிடிப்பது எந்த நாட்டு அலுவலகத்துக்கும் கைவந்த கலை.

அடுத்த தேவை பெட்ரோல். சிரிக்க வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. 2012 கணக்கெடுப்பில் சனத்தொகை ஓர் இலட்சத்தையும் எட்டவில்லை. சந்தியில் கமரா பூட்டினால் சந்தியில் நிற்கும் ஆட்டோக்கள்தான் தெரியும். மணல் ஏற்றும் டிப்பர் ஆற்றுக்குள் இறங்குவது நள்ளிரவில், காட்டுப் பாதையில். மாடு களவு போவது மேய்ச்சல் தரையில். மோட்டார் சைக்கிளும் எரிபொருளும் இரவுச் சுற்றுக்கு ஆளும் கொடுத்தால் பாதி வேலை நடக்கும். மாதம் ஒருமுறை கிராம அலுவலர் அலுவலகத்தில் நடமாடும் சேவை வைத்து முறைப்பாடு எடுத்தால், பஸ் இல்லாத கிராமத்து ஆட்களும் வருவார்கள்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள். அதை அப்படியே நம்ப முடியவில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராடி வருகிறார்கள். அவர்களைப் படம் பிடிக்கவும், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று விசாரிக்கவும் எப்போதும் ஆள் இருக்கிறது. அந்தச் செலவை முதலில் வெட்டுங்கள். பிள்ளையைத் தேடும் தாயை வேவு பார்க்கிறவர்களிடம் கஞ்சா கடத்துகிறவனின் பெயரை எவர் போய்ச் சொல்வார்?

கடைசியாக, கணக்கு. ஒவ்வொரு நிலையமும் ஆண்டுச் செலவைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அதுவரை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். தேசியப் பாதுகாப்பு என்று சொல்லிச் சிலவற்றை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கடந்த ஆண்டு மொழிப் பயிற்சிக்கு எவ்வளவு, பெட்ரோலுக்கு எவ்வளவு என்று கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்வது கடினம். அந்த இரண்டையும் கேளுங்கள்.