கொடுவாவும் இரும்பும்: கேள்வி பதில்

மீன் நோய்களோடு இருபது வருடம் மாரடித்தவன் நான். கேளுங்கள். மருந்தின் அளவை மட்டும் கேட்காதீர்கள். மீனைப் பார்க்காமல் சொல்லமாட்டேன்.

கிண்ணியாவிலிருந்து: ஐயா, கூண்டுக் கொடுவா வயிறு சிவந்து சாகிறது. விப்ரியோ என்கிறார்கள், அது இரும்பு தேடி வருகிறதாம். கிருமிக்கு எதற்கு இரும்பு?

மூச்சுக்கும் பெருகுவதற்கும், தம்பி. மீன் உடம்பில் இரும்புக்குப் பஞ்சமில்லை, எல்லாம் பூட்டுக்குள் இருக்கிறது. பெரும்பங்கு சிவப்பணுவின் ஹீமோகுளோபினில். இரத்த நீரில் உள்ள கொஞ்சத்தையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கவ்விக்கொள்ளும். விப்ரியோ அங்குவிலாரம் (பெயரிலேயே விலாங்கு இருக்கிறது, முதலில் அதில்தான் பிடிபட்டது) அங்குவிபாக்டின் என்ற சின்ன மூலக்கூறைச் செய்து வெளியே அனுப்புகிறது. அது டிரான்ஸ்ஃபெரினின் வாயிலிருந்தே இரும்பைப் பிடுங்கி வரும். உள்ளே எடுக்க, கிருமியின் வெளிச்சவ்வில் அதற்கென்றே ஒரு வாசல். இரும்பு போதுமானால் கிருமியின் ஃபர் என்ற புரதம் இந்தக் கடையை மூடிவிடும், வீண்செலவு கிடையாது. இந்த வித்தையின் மரபணுக்களில் பெரும்பாலானவை பிஜேஎம்1 என்ற பிளாஸ்மிட்டில் (கிருமியின் முதன்மை டிஎன்ஏவுக்குப் புறம்பான சின்ன டிஎன்ஏ வளையம்) இருக்கின்றன. அதை இழந்த கிருமி மீனைக் கொல்லும் வலுவையும் இழப்பதை 1980இல் ஜோர்ஜ் குரோசா என்ற ஆய்வாளர் காட்டினார். பிளாஸ்மிட் இல்லாத வகைகளும் உண்டு, அவற்றிடம் வேறு மூலக்கூறு. சிவப்பணுவை உடைத்து ஹீமை (ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கும் பகுதி) எடுக்கும் குறுக்கு வழியும் உண்டு.

மூதூரிலிருந்து: எந்த அன்டிபயோட்டிக், எத்தனை கிராம்?

முதல் பந்தியைப் படியுங்கள்.

நிலாவெளியிலிருந்து: செவுள் வெளுத்திருக்கிறது ஐயா. இரும்பு டொனிக் தீனியில் கலக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. கிருமி வந்தால் மீனே தன் இரும்பை ஒளித்துவைக்கும். நீங்கள் ஊற்றுவது மீனுக்கல்ல, கிருமிக்கு.

உவர்மலையிலிருந்து: கூண்டுக் கம்பியின் துருதான் காரணம். நைலோன் வலைக்கு மாறினேன், சாவு நின்றது.

துரு கடல்நீரில் கரைவது மிகச் சொற்பம். கிருமியின் சண்டை மீனின் இரத்தத்துக்குள். வலை மாற்றும்போது மீனின் எண்ணிக்கையையும் குறைத்தீர்களா?

அவரே: குறைத்தேன். இருந்தாலும் துருதான்.

சீனன்குடாவிலிருந்து: அப்போ 1942இல் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டுபட்ட சகாயிங் கப்பலின் துரு?

அதைக் கடற்படை 2018இல் தூக்கிவிட்டது. கொடுவா இன்னும் சாகிறதே!

உவர்மலையாருக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: துருப்பிடித்த கம்பி கூர், உராய்ந்தால் தோல் கிழியும். கிருமி புகும் வாசல் அதுதான். குற்றவாளி காயம், இரும்பு அல்ல.

அவரே: பார்த்தீர்களா, கம்பிதான்!

சரி, கம்பிதான்.

வெருகலிலிருந்து: எந்த அன்டிபயோட்டிக்?

ஐயோ. சாகும் தறுவாயில் உள்ள மீனை ஐசில் வைத்து (உறையவிடாமல்) ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.

கந்தளாயிலிருந்து: குளத்துத் திலாப்பியாவுக்கும் இதேதானா?

அங்கே ஏரோமோனாஸ், ஸ்ட்ரெப்டோகோக்கஸ் என்று வேறு கிருமிகள், வேறு கதை. அது இன்னொரு நாள்.

நிலாவெளித் தங்கச்சி: நோய்ப்பட்ட மீனைத் தொட்டால் நமக்கு வருமா?

விப்ரியோ அங்குவிலாரம் மனிதரைத் தொடுவது மிக அரிது. அதன் உறவு விப்ரியோ வல்னிஃபிகஸ்தான் ஆபத்து. ஈரல் நோய், தலசீமியா (பரம்பரை இரத்த நோய்) உள்ளவர்களின் இரத்தத்தில் இரும்பு மிஞ்சியிருந்தால் அதற்கு விருந்து. அப்படி யாராவது வீட்டில் இருந்தால், காயத்தோடு கூண்டுக்குள் இறங்கவிடாதீர்கள், பச்சைச் சிப்பியும் கொடுக்காதீர்கள். முள் குத்திய இடம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.