சிவப்புத் தோல் அட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஆன்வர்ட், கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்' பாட்டை எழுதிய பாதிரியார் என்பதற்கு மேல் சபைன் பேரிங்-கூல்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. ஓநாய் மனிதர்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்ததிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது. இப்போது அவருடைய 'ஜான் ஹெர்ரிங்' நாவல், 1883, மூன்று தொகுதிகளும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்திருக்கின்றன. கொடுத்த விலை அதிகமோ என்று உறுத்துகிறது. முதல் பதிப்புதான் என்று எப்படி உறுதி செய்வது? அவர் தோளில் வௌவாலை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாராமே, உண்மையா? முதல் தொகுதி அழுக்கேறி, அட்டை ஆடுகிறது. மூன்றாவது புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மூன்றையும் சிவப்புத் தோலில், தங்க எழுத்துப் போட்டு பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கேட்காமல் சொன்ன கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. புத்தகம் பைண்டர் கைக்குப் போய்விட்டதென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

விலையை விடுங்கள், வாங்கியாகிவிட்டது. வௌவால் கதை அவர் ஹர்ஸ்ட்பியர்பாயிண்ட் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தைப் பற்றிச் சொல்லப்படுவது. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவரை மறந்துபோனவர்கள்தான் அதிகம். ஐஸ்லாந்துக்குப் போய்வந்து 1863இல் புத்தகம் எழுதியவர் அவர். டெவன், கார்ன்வால் ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்களிடம் உட்கார்ந்து பாட்டு சேகரித்தவர். மில்லில் வேலை பார்த்த கிரேஸைக் கல்யாணம் செய்து, பதினைந்து பிள்ளைகள் பெற்று, 1916இல் கிரேஸ் இறந்தபோது அவருடைய கல்லறையில் 'என் உயிரில் பாதி' என்று லத்தீனில் பொறித்தவர். இத்தனை இருக்க, நீங்களும் வௌவாலிலேயே நிற்காதீர்கள்.

முதல் பதிப்பா என்பது இந்த நாவலில் பெரிய சிக்கல் இல்லை. தலைப்புப் பக்கத்தில் பதிப்பாளர் ஸ்மித், எல்டர் அண்ட் கோ, 1883 என்று இருந்து, மூன்று தொகுதியாக இருந்தால் அநேகமாக அதுதான். விக்டோரியா காலத்து நாவல் பெரும்பாலும் முதலில் 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் மூன்று தொகுதியாக வரும். பிறகு மலிவுப் பதிப்பு ஒரே தொகுதியாக வரும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: புத்தகம் முழுசாக இருக்கிறதா, மூன்றும் ஒரே செட்தானா?

பக்க எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாருங்கள். பதினாறு பக்கத்துக்கு ஒருமுறை, ஃபாரத்தின் (ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டின்) முதல் பக்கத்தில், பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்கும். ஏ பெரும்பாலும் தலைப்புத் தாள்களுக்குப் போய்விடும். பி முதல் பக்கத்தில் தொடங்கினால் சி 17ஆம் பக்கம், டி 33ஆம் பக்கம். இடையில் ஜே, வி, டபிள்யூ காணோமே என்று பதறாதீர்கள். அச்சுக்காரர்கள் 23 எழுத்துதான் வைத்துக்கொண்டார்கள். ஐக்கு அடுத்தது கே, அது 129ஆம் பக்கத்தில் வரும். அதே அடிவரியின் இடது மூலையில் தொகுதி எண்ணும் பொடியாக இருக்கும். இரண்டாம் தொகுதிக்குள் வேறு தொகுதியின் ஃபாரம் மாறிக் கோக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பிறகு தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் நூலின் பெயர் மட்டும் அச்சான தாள் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய செட்களில் முதலில் காணாமல் போவது அதுதான். அதைக் கிழித்துப் போட்டவர்கள் பெரும்பாலும் யார் தெரியுமா? தோல் அட்டை போட்ட பைண்டர்கள்.

முதல் தொகுதி அழுக்கு, மூன்றாவது புதிது என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு அதுதான் இந்த செட்டிலேயே அழகான விஷயம். 31 ஷில்லிங் கொடுத்து நாவல் வாங்கியவர்கள் குறைவு. மியூடி போன்ற சந்தா நூலகங்கள்தான் வாங்கின. வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி கிடைக்கும். தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டவர்களின் கையெல்லாம் முதல் தொகுதியில்தான் பட்டிருக்கும். முன்னட்டையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். செவ்வகமாக ஓர் இடம் மட்டும் நிறம் மங்காமலோ, பசைத் தடமாகவோ தெரிந்தால், அங்கே நூலகத்தின் சீட்டு ஒட்டியிருந்திருக்கிறது. மூன்று அட்டையிலும் அதே இடத்தில் அதே அளவில் தடம் இருந்து, உள்தாளின் (அட்டையின் உட்புறம் ஒட்டிய தாளின்) நிறமும் ஒன்றாக இருந்தால் மூன்றும் சேர்ந்தே வாழ்ந்தவை. ஒன்றில் மட்டும் இல்லையென்றால் யாரோ பின்னாளில் ஜோடி சேர்த்திருக்கக்கூடும். தாளின் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கதை சொல்லும்.

இதையெல்லாம் சிவப்புத் தோலுக்குக் கொடுத்துவிட்டு என்ன மிஞ்சும், ஆர்.? துணி அட்டை குப்பைக்குப் போகும். உள்தாள் போகும், அதில் யாராவது 1880களில் எழுதிய பெயர் இருந்தால் அதுவும் போகும். கடைசியில் பதிப்பாளரின் விளம்பரப் பட்டியல் இருந்தால் 'இது எதுக்கு சார்' என்று பிய்த்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் மாதமும் வருஷமும் அச்சாகியிருப்பதுண்டு. அச்சடித்த தாள் எப்போது அட்டைக்குள் போயிற்று என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. அதன்பின் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டுவார்கள். ஒருமுறை வெட்டிய ஓரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அவருடைய 'சாங்ஸ் அண்ட் பாலட்ஸ் ஆஃப் தி வெஸ்ட்' 1889 முதல் 1891 வரை நான்கு பகுதிகளாக வந்தது. பகுதிகளைச் சேர்த்து ஒன்றாகத் தைத்தவர்கள் மேலட்டைகளைக் கழற்றி எறிந்தார்கள். எந்தப் பாட்டு எப்போது வெளியானது என்று தேடுகிறவருக்கு அந்தச் செட் பாதி ஊமை. நன்றாக வைத்துக்கொள்ளத்தான் தைத்தார்கள். நீங்களும் அன்பினால்தான் செய்கிறீர்கள். அதனால்தான் கோபம் வருகிறது.

நம்மூர் பைண்டிங்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், கலப்பது வழக்கம். பூச்சி வராது, ஆனால் தாமிரம் காகித நாரை அரித்து, காலப்போக்கில் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். ஃபெவிகால் காய்ந்தால் தண்ணீரில் கரைந்து வராது. அடுத்து பழுதுபார்ப்பவர் தாளைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆடும் அட்டைக்கு வேண்டியது கொஞ்சம்தான். கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. மைதா வேண்டாம். சிறு தீயில் அரைமணி நேரம் கைவிடாமல் கிண்டி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து எடுங்கள். மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை ஒரு சென்டிமீட்டர் அகல நாடாவாக எடுங்கள். கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு போட்டு மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருந்தால்தான் தடம் தெரியாமல் படியும். பசையை மிக மெல்லிசாகத் தடவி, அட்டையும் தாளும் சேரும் இடுக்கில் ஒட்டி, இடையில் பட்டர் பேப்பர் வைத்து, பாரம் ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். பட்டர் பேப்பரை மறந்தால் அட்டை முதல் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பசை நீர்த்திருந்தால் துணியின் சாயம் கசியும். உங்கள் புத்தகத்தில் செய்வதற்கு முன்னால் ஒரு பழைய டிக்‌ஷனரியில் நாலு தடவை செய்து பழகுங்கள்.

மற்ற இரண்டையும் தொடவே வேண்டாம். மூன்றுக்கும் அமிலமில்லாத அட்டையில் தனித்தனியாக நாலு மடிப்பு உறை செய்து, பருத்தி நாடாவால் கட்டுங்கள், ரப்பர் பேண்ட் கூடாது. அலமாரியில் ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்ற ஆசைக்கு உறையின் மேல் சிவப்புத் துணி ஒட்டிக்கொள்ளுங்கள். காகிதத்தைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போதாது. மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள்.

இன்னொன்று. மெத்யூன் பதிப்பகம் வெளியிட்ட பேரிங்-கூல்டின் பிந்தைய நாவல்கள் இந்தியாவுக்கும் காலனிகளுக்கும் மட்டும் என்ற தனிப் பதிப்பாகவும் வந்தன. லண்டன் பதிப்பு இல்லையென்று அவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. மூர் மார்க்கெட் பக்கம் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள், அட்டை எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

இன்று இரவு முதல் தொகுதியை மட்டும் எடுத்து, பி தொடங்கி ஒவ்வொரு எழுத்தாகப் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.